ஐம்பத்தைந்தாவது பல்

— அம்பத்து நாலு பல்லு. ஒண்ணு கூடவும் வேணாம், ஒண்ணு குறையவும் வேணாம். இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு ஜீனத்து.

— ஷட்டரு இன்னும் பாதில நிக்கிது, அதுக்குள்ள பல்லு கில்லுன்னுகினு. நாஷ்டா துன்னியாடி சகாயம்?

— நாஷ்டாவுக்கு நேரமில்ல. பதினோரு மணிக்கு எண்ணூர்ல கியர் மாட்டப் போறாங்க. இப்ப மணி எட்டே முக்கால்.

— இன்னா கியரு?

— டைமிங் கியர். பழைய கார் இஞ்சினுக்கு. காம் ஷாப்ட் மூக்குல மாட்டுற பெரிய கியர்.

— அப்டி வா வழிக்கு. எந்த வண்டி? பேர சொன்னா எந்த மூட்டைல கை வுடணும்னு எனக்குத் தெரியும். எங்க அத்தா ஹார்பர் ஏலத்துல எடுத்துப் போட்ட ஸ்பேரு மூட்டைங்க பின்னாடி மலையாட்டம் கீது.

— பேரு தெரியாது.

— மாடலு?

— அதுவும் தெரியாது.

— நீ கியரு வாங்க வந்தியா, காணாப்போன கொழந்தைய தேட வந்தியா?

— வண்டிக்கு ஒரு பேரு, இஞ்சினுக்கு ஒரு பேரு. ஆர்.சி. புக்குல நாப்பத்தேழு மாடல் வெளிநாட்டு கார்னு போட்டிருக்கு. ஆனா உள்ள இருக்கிறது அந்தக் காரோட இஞ்சினே இல்ல. ஜெனிஷோட தாத்தா எந்தக் காலத்துலயோ எங்கேயோ ஒரு இஞ்சினைப் பிடிச்சு அதுல தூக்கி வச்சிட்டாரு. லாரியோடதா, ஜெனரேட்டரோடதா, விசைப்படகோடதான்னு ஒருத்தருக்கும் தெரியாது. நம்பர் தகடு இருந்த இடத்துல நாலு ஓட்டை மட்டும் இருக்கு.

— ஜெனிஷ் யாரு?

— வண்டிக்காரன். பருப்பு மண்டி வச்சிருக்காங்க. வர ஞாயித்துக்கிழமை பழைய கார் ஊர்வலம், அதுல தாத்தா வண்டியை ஓட்டணும்னு குதிக்கிறான். எண்ணூர் ஷெட்ல வண்டி நிக்குது. பழைய கியர் ஃபைபர்ல செஞ்சது, ஏழு பல்லு உதிர்ந்து போச்சு. புதுசு வெட்டித் தரச் சொல்லி எங்க பட்டறைக்குக் கொடுத்தான்.

— நல்லது. திருவொத்தியூர்லயே கியரு வெட்றதுன்னா உங்க மாசானம் அண்ணாச்சி பட்டறை தான். அப்ப எங்கிட்ட ஏன் ரெடிமேடு கேக்குற?

— ஏன்னா எங்க பட்டறை வெட்டிடுச்சு.

— வெட்டுனா சந்தோசம் தானே.

— அதுல பல்லு அம்பத்தஞ்சு.

— இவ்ளோ தானா. ஒரு பல்லு எக்ஸ்ட்ரான்னா பல் டாக்டராண்ட கூட்டிகினு போ, புடுங்கிடுவாரு.

— சிரிக்காதடி.

— அட, எனக்கு தெரியாதா? கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா காம் ஒரு சுத்து. கிராங்க் கியருல எத்தினி பல்லோ, அதுல டபுளு காம் கியருல. லாரி கிளீனருக்கே தெரியும். அம்பத்தஞ்சுன்னா கிராங்க்ல எவ்ளோ?

— இருபத்தேழரை.

— அரை பல்லு.

— ஆமா. அரைப் பல்லு வச்ச கியரை உலகத்துல எவனும் செஞ்சதில்ல. இந்த விஷயம் எனக்கு இன்னிக்குக் காலைல அஞ்சரைக்குத் தெரிய வந்துச்சு. பல்லு விளக்கிக்கிட்டு இருந்தேன். பல்லு விளக்கும்போது தான் பல்லு ஞாபகம் வருது, என் யோக்கியதை அவ்ளோ தான். செமஸ்டர்ல ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினுக்குப் படம் போட்டு பதினாறுக்குப் பதினாறு வாங்கினவ நான்.

— வெட்டுனது யாரு?

— துரை அண்ணன்.

— அவுரு நல்ல வேலைக்காரராச்சே. யாரு சொல்லி வெட்டுனாரு?

— படத்தைப் பாத்து.

— படம் போட்டது யாரு?

— கீழ ரெண்டு கட்டம் இருக்கும். வரைந்தவர்னு ஒண்ணு, சரிபார்த்தவர்னு ஒண்ணு. வரைந்தவர், சகாயமேரி பி.இ. சரிபார்த்தவர், சகாயமேரி பி.இ. நானே வரைஞ்சு, நானே சரிபார்த்து, நானே சத்தியநாசம் பண்ணியிருக்கேன். கையெழுத்தை வேற வளைச்சு வளைச்சுப் போட்டிருக்கேன், ஏதோ கவர்னர் மாதிரி.

— மெய்யாலுமே உன் பேர போட்டியா? போன மாசம் வரிக்கும் ஒரு படம் கூட போட வுடலன்னு அழுதுகினு இருந்தியே.

— இதான் முதல் படம். ரெண்டு வருஷம்டி ஜீனத்து. அண்ணாச்சி டிசைன் இஞ்சினியர்னு வேலைக்கு எடுத்துட்டு ரெண்டு வருஷமா கூரியர் கவர்ல அட்ரஸ் எழுத விட்டாரு. போன் வந்தா எடு, ஆளு வந்தா டீ சொல்லு. மெஷின் ரூமை ஒட்டி ஒரு மேஜை இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, நாற்காலி இருக்கு. அதுல உக்கார ஆளு கிடையாது. துணி பொட்டலம் உக்காந்திருக்கும், அண்ணாச்சியோட டிபன் கேரியர் உக்காந்திருக்கும், நான் உக்காரக் கூடாது. போன வாரம் சண்டை போட்டேன். சரிம்மா, இந்தக் கார் கியருக்கு நீயே படம் போடு, சரியா வந்துட்டுன்னா அந்த நாற்காலி ஒனக்கு, இல்லன்னா பேசாம கவர் எழுதுன்னாரு.

— அப்ப பதினோரு மணிக்கு அந்த கியரு மாட்ட வரலைன்னா, நாற்காலி போச்சு.

— நாற்காலியோட நானும் போனேன். ஆயுசுக்கும் கவர் தான்.

— துரையாண்ட ஒரு போனைப் போட்டு கேட்டா ஆச்சு.

— காலைல இருந்து ஒம்பது தடவை அடிச்சாச்சு, எடுக்கல. நேத்து நான் அஞ்சு மணிக்கு கிளம்பினப்புறம் தான் வெட்டியிருக்காங்க. கியரை அண்ணாச்சி பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு, அங்கிருந்து நேரா எண்ணூர் போறாராம். நான் அதைக் கண்ணால பாக்கல. பாக்காமலே தெரியும், ஏன்னா படம் என்னோடது.

— அண்ணாச்சியாண்டயே சொல்லிடேன். ஒரு பல்லு தப்பா போட்டேன்னு.

— ஏன் சொல்லணும்? தப்பு அவரோடது. எண்ணினதே அவரு தான்.

— ஓஹோ.

— பின்ன என்ன? உதிர்ந்த பல்லை இடைவெளி பாத்து எண்ணணும், அது பழகின கண்ணுக்கு தான் முடியும்னு சாக்பீஸை எடுத்துட்டு அவரே உக்காந்தாரு. நான் உள்ள வரும்போது பாதி எண்ணியாச்சு. கடைசில அம்பத்து நாலுன்னாரு. நான் தான் ஒண்ணு கூட்டி அம்பத்தஞ்சுன்னு எழுதினேன்.

— அவுரு சொன்னது அம்பத்து நாலு. நீ எழுதினது அம்பத்தஞ்சு. தப்பு அவுரோடது. உன் காலேஜ்ல இதுக்கு தனி பேப்பரா?

— காரணத்தோட தான்டி கூட்டினேன். அவரு எதை எண்ணினாலும் லாபம்னு தான் ஆரம்பிப்பாரு. போல்ட்டா இருந்தாலும் வாஷரா இருந்தாலும் முதல்ல லாபம். அந்த லாபத்தைக் கணக்குல விட்டுட்டாருன்னு கூட்டினேன். அது நியாயம் தானே? அப்பவும் சரி வரலன்னா நடுவுல ஏதோ பல்லை அவரு ரெண்டு தபா எண்ணியிருக்காரு. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, ஒத்துக்க மாட்டாரு. ஆம்பளைங்களே இப்படித் தான். எண்ணத் தெரியாது, எண்ணுறதையும் விட மாட்டாங்க.

— சரி சரி, பொங்காத. கியரோட அளவு கையில கீதா?

— அச்சு இருக்கு. ஸ்டாம்ப் பேடுல கியரை உருட்டி, அப்படியே வெள்ளைத் தாள்ல உருட்டி எடுத்தேன். பல்லு நேரா இருக்காது, சாய்வா வெட்டியிருக்கும். எந்தப் பக்கம் சாயுதுன்னு மறந்துடக் கூடாதுன்னு. நடு ஓட்டையோட அளவும் எழுதியிருக்கேன்.

— ஹை, இது நல்லா கீது. பாரு, கை வுட்ட மொத மூட்டையிலயே ஒண்ணு. இந்த சைஸ் தானே? சாய்வும் உன் காயிதத்துல கீற மாதிரியே கீது.

— ஆமாடி. அப்படியே இருக்கு. எண்ணு, எண்ணு.

— அந்த சாக்பீஸ குடு. இங்க ஒரு மார்க்கு. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு...

— நில்லு. இப்ப என்ன சொன்ன?

— நடுவுல பேசாதடி, எண்ணிக்கை போயிடும்.

— முதல்ல இருந்து சொல்லு.

— லாபம், ரெண்டு, மூணு.

— ஒண்ணு எங்க?

— எந்த ஒண்ணு?

— லாபம் சொன்ன, அடுத்தது ரெண்டுக்குப் போயிட்ட. நடுவுல ஒண்ணைக் காணோமே.

— லாபம் தான்டி ஒண்ணு. ஒண்ணுன்னு வாயால சொல்லக் கூடாது, ஒண்ணோட நின்னுடும்னு கடைக்காரங்க லாபம்னு சொல்றது. எங்க அத்தா அப்டி தான் எண்ணுவாரு, அரிசி மண்டில அப்டி தான் அளப்பாங்க, உங்க அண்ணாச்சியும் அப்டி தான் எண்ணியிருப்பாரு. இதுல இன்னா அதிசயம்?

— எங்கம்மா எண்ணுறது அப்படி இல்லியே.

— உங்கம்மா எப்டி எண்ணும்?

— காசிமேட்டுல மீன் கூறு வைக்கும்போது எங்கம்மா முதல்ல ஒரு மீனைத் தனியாத் தூக்கிப் போட்டு லாபம்னு சொல்லும். அது வாங்க வந்தவங்களுக்கு சும்மா கொடுக்கிறது. அது கணக்குல சேராது. அப்புறம் தான் ஒண்ணு, ரெண்டு, மூணு. பிறந்ததுல இருந்து இருபத்தஞ்சு வருஷமா அதைத் தான் பாத்துட்டு இருக்கேன். அண்ணாச்சி லாபம்னதும் மீதியை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்ல.

— அப்போ அண்ணாச்சி லாபம், ரெண்டுன்னு சரியா எண்ணி அம்பத்து நாலுன்னு சொன்னாரு.

— நான் அதுமேல ஒரு மீனைத் தூக்கிப் போட்டுட்டேன்.

— இரு, சிரிச்சுக்கறேன்.

— சிரி.

— கியருக்கு கொசுறு போட்ட மொத எஞ்சினீரு நீ தான்டி.

— முதல் பட்டதாரின்னு தாசில்தார் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வீட்டுல இருக்கு. அது பக்கத்துலயே இதையும் மாட்டி வச்சிடறேன். ஐயோ, பழி போடக்கூட ஒரு ஆள் இல்லாம போச்சே ஜீனத்து. ஆட்டோல வரும்போது அவருகிட்ட என்னென்ன கேக்கணும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு முடிக்கலாம்னு இருந்தேன்.

— அளந்து பாத்தியே, அப்பவாவது பொறி தட்டலியா?

— தட்டுச்சு. விட்டத்தை அளந்து கணக்குப் போட்டப்ப அம்பத்தஞ்சுக்கு ஒரு ஓரமா இடிச்சுது. பழைய கியர் தேஞ்சிருக்கும்னு நானே அதுக்கு சமாதானம் சொல்லி உக்கார வச்சிட்டேன். கணக்கு என்கிட்ட வந்து கதவைத் தட்டியிருக்கு. மேடம் பிஸின்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

— ப்ளஸ் டூல கணக்குல நான் தொண்ணூத்தெட்டு. நீ எழுபத்தொண்ணு.

— தெரியும்டி. வருஷத்துக்கு நாலு தடவை சொல்ற.

— இன்னிக்கு சொன்னது அஞ்சாவது. சரி, எண்ணி முடிக்கறேன், வாய மூடிகினு நில்லு... அம்பத்து ரெண்டு, அம்பத்து மூணு, அம்பத்து நாலு. மார்க்கு வந்துடுச்சு.

— அம்பத்து நாலா? சத்தியமா? நடு ஓட்டையைப் பாரு.

— அதுவும் சரி. இந்தா, எடுத்துகினு ஓடு.

— நீ என் தெய்வம்டி.

— இரு, ஓடாத. உன் காயிதத்த குடு. இது உருட்டி எடுத்த அச்சு தானே?

— ஆமா.

— ரப்பர் ஸ்டாம்ப்ல எழுத்து எப்டி கீதுன்னு பாத்துக்கீறியா?

— திருப்பி இருக்கும்.

— காயிதத்துல விழுந்தா?

— நேரா... இரு. அப்ப கியர்ல பல்லு வலப்பக்கம் சாஞ்சிருந்தா, அச்சுல இடப்பக்கம் சாயும்.

— அச்சும் இந்த கியரும் ஒரே பக்கம் சாயுது.

— அப்ப இது தலைகீழ் சாய்வு.

— மாட்டுனா உள்ளயே போவாது. கிராங்க் கியரோட பல்லுல இது முட்டிகினு நிக்கும்.

— என்னைக் கொண்டுபோய் உப்பங்கழியில தள்ளிடு. ஒரு மணி நேரத்துல ரெண்டாவது தப்பு. இதையும் படத்துல தப்பா போட்டேனா?

— நீ தானே சொல்லணும்.

— இல்ல. படம் போடும்போது கியர் கையில இருந்துச்சு, அதைப் பாத்து தான் சாய்வு போட்டேன். வலப்பக்கம். அது சரியா தான் இருக்கு. ஒண்ணாவது உருப்படியா பண்ணியிருக்கேன், எழுதி வச்சுக்கோ.

— அப்ப வலப்பக்கம் சாயுறதா தேடணும். நீ அந்த பச்சை மூட்டைய கொட்டு. புர்காவ மடிச்சு சொருவிக்கறேன், இல்லன்னா ஆயில் கறை போவாது. ஏய், உன் சுடிதாரு கலீஜாவுது பாரு.

— ஆவட்டும். இது எத்தனை?

— அது ஜீப்புது. சின்னது. தூக்கிப் போடு.

— இது?

— சாய்வு சரி, சைஸும் சரி, ஆனா நடு ஓட்டை பெருசா கீது. கை போற அளவு. இது கிரேனுதுன்னு நெனைக்கறேன். ஓட்டை சின்னதா இருந்தா லேத்துல பெருசாக்கிக்கலாம். பெருசா இருந்தா இன்னா பண்றது, துணி சுத்தியா மாட்டுவே?

— இன்னிக்கு என் நெலமைக்கு அதுக்கும் நான் ஒத்துப்பேன்.

— கெடைச்சா எப்டி கொண்டு போய் சொல்வே? அவுரு பையில ஒண்ணு வச்சிகினு கீறாரு, நீ இன்னொண்ண எடுத்துகினு போயி நிக்கறே.

— ரெடிமேடா இரும்புல ஒண்ணு கெடைச்சுது அண்ணாச்சி, ஃபைபரை விட ரொம்ப நாளைக்கு உழைக்கும், இதையே மாட்டிடலாம்பேன். அவருக்கு இரும்புன்னா பிரியம். அந்த அம்பத்தஞ்சை அப்படியே என் பையில போட்டுட்டு வந்து கடல்ல வீசிடுவேன்.

— பட்டறையில கீற படம்? அதுல அம்பத்தஞ்சுன்னு எழுதி கையெழுத்து போட்டுகீறியே, கவர்னரு மாதிரி.

— அதுக்கும் வழி பண்ணிட்டேன்.

— பையில அது இன்னா சுருட்டி வச்சிகீறே?

— புதுப் படம். காலைல ஜெராக்ஸ் கடைக்காரரை எழுப்பி பிரிண்ட் போட்டேன். அம்பத்து நாலுன்னு திருத்தி, போன வாரத் தேதியே போட்டு. பழசை எடுத்துட்டு இதை வச்சிடுவேன்.

— அதே தேதியா?

— அதே தேதி, அதே கையெழுத்து, அதே வளைவு.

— சகாயம், உனுக்கு திருட்டு நல்லா வருதுடி. எண்ண தான் வரல.

— பேசாதே. எனக்கே கேவலமா இருக்கு. காலேஜ்ல லேப் ரெக்கார்டுல தேதி மாத்தினவங்களை எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? உங்களுக்கெல்லாம் அப்பா இஞ்சினியர், மாமா இஞ்சினியர், ஒரு ரெக்கார்டு போனா இன்னொண்ணு வாங்கிக் கொடுப்பாங்க, நாங்க நேர்மையா எழுதினா தான் உண்டுன்னு கேன்டீன்ல நின்னு பிரசங்கம் பண்ணினவ. இன்னிக்கு விடிஞ்சும் விடியாம ஜெராக்ஸ் கடை ஷட்டரைத் தட்டுறேன்.

— அழுது வடியாத. தோ, இத்த பாரு.

— எது?

— அடியில கெடந்தது. துரு புடிச்சிகினு. சாய்வு வலப்பக்கம். அந்த சாக்பீஸ... லாபம்.

— ஒண்ணு.

— மறுபடியும் ஆரம்பிச்சே, சாக்பீஸாலயே குத்துவேன். லாபம், ரெண்டு, மூணு...

— நான் மனசுக்குள்ள எண்ணிக்கறேன். நீ வாயால எண்ணு. ரெண்டும் ஒண்ணா வந்தா தான் நம்புவேன்.

— ...அம்பத்து மூணு, அம்பத்து நாலு.

— அம்பத்து நாலு. அம்பத்து நாலு ஜீனத்து. ஓட்டை?

— ஒரு நூலளவு சின்னது. லேத்துல ஒரு தபா வுட்டா சரியாயிடும். பத்து நிமிசம். நம்ம உசேன் பாய் லேத்து தொறந்துகினு கீது, மூணாவது கடை. ஓடு.

— மணி என்ன?

— ஒம்பதே முக்கால். எண்ணூருக்கு ஆட்டோல போனா லாரிங்க நடுவுல மாட்டிப்பே. பைக் டாக்ஸி புடி. இன்னா நிக்கறே?

— போன். அண்ணாச்சி கூப்புடுறாரு.

— எடுக்காத.

— எடுக்கலன்னா சந்தேகம் வரும்.

— அப்ப எடு. ஸ்பீக்கர்ல போடு. கியரு கெடைச்சுதுன்னு அவசரப்பட்டு ஒளறாத, மொதல்ல அவுரு இன்னா சொல்றாருன்னு கேளு.

— ஹலோ, சொல்லுங்க அண்ணாச்சி.

— ஏம்மா சகாயமேரி, எங்க நிக்க? பட்டறைக்குப் போன் போட்டா யாரும் எடுக்கலியே.

— வந்துட்டே இருக்கேன் அண்ணாச்சி. நீங்க எண்ணூர் கிளம்பிட்டீங்களா?

— கெளம்பவா? வெள்ளனயே வந்தாச்சும்மா. ஜெனிஷ் தம்பி ஏழு மணிக்கெல்லாம் காரை அனுப்பிட்டாருல்லா. துரையும் என்கூட தான் இருக்கான், அவன் போன் வீட்ல கெடக்கு. வேலை முடிஞ்சிட்டு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

— முடிஞ்சிட்டா? எந்த வேலை?

— என்னம்மா கேக்க? கியரு மாட்டியாச்சு. சும்மா பூ மாதிரி போயி உக்காந்துட்டு. ரெண்டு கியருல உள்ள மார்க்கும் நேருக்கு நேரு. சாவியத் திருகினா வண்டி முதல் தடவையே எடுத்துட்டு. ஜெனிஷ் தம்பி கண்ணுல தண்ணி வச்சிட்டாரு. சத்தம் கேக்கா? பின்னால அதான் ஓடிட்டு இருக்கு.

— கேக்குது. அண்ணாச்சி, கியர்ல... எத்தனை பல்லு?

— அம்பத்து நாலு. எண்ணும்போது நீயுந்தான பக்கத்துல நின்ன.

— துரை அண்ணன் அம்பத்து நாலா வெட்டினாரு?

— வேற எவ்வளவு வெட்டுவான்? அம்பத்து நாலு வெட்டுலேன்னு நான் வாயால சொன்னேன், மாதிரி கியரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவன் வெட்டிட்டான்.

— படம்?

— எந்தப் படம்?

— நான் போட்டுக் கொடுத்தேனே அண்ணாச்சி. கியரோட படம்.

— ஓ, அதா. நீ சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுத் தந்தேல்லா, அந்த மேனிக்கே பீரோ மேல பத்திரமா இருக்கு. கழட்டக்கூட இல்ல, அழுக்காயிரும்லா. பொம்பளப்பிள்ள ஆசப்பட்டு வரைஞ்சிருக்கு, அது மனசு சடவாகக் கூடாதுன்னு வாங்கி வச்சேன்.

— பாக்கலியா?

— பாக்க என்னம்மா இருக்கு, நீ நல்லாத்தான் போட்டிருப்ப. கேளு, நான் சொன்ன வார்த்தை மாற மாட்டேன். கியரு சரியா வந்துட்டு, அந்த நாற்காலி ஒனக்கு. நாளையில இருந்து டிபன் கேரியரை வேற எடத்துல வச்சுக்கிடுதேன். நீ பாட்டுக்கு அதுல உக்காந்து படம் வரை, வேலை பாட்டுக்கு வேலை நடக்கும். வெளங்குதா?

— ஒரு நிமிஷம் அண்ணாச்சி.

— ஏய், மைக்க மூடு. நல்லா மூடிகினியா? அல்லா உன்ன காப்பாத்திட்டாருடி. இன்னாடி இது அதிர்ஷ்டம், நாற்காலியும் வந்துச்சு, தப்பும் தெரியல. பட்டறைக்குப் போ, பீரோ மேல கைய வுடு, பழச எடு, புதுச சொருவு. ரப்பர் பேண்டு கூட அதே தான். முடிஞ்சிது மேட்டரு.

— ஆமா. முடிஞ்சிது.

— அப்ப மூஞ்சி ஏன் அப்டி கீது? துரு புடிச்ச கியருக்காவ நான் தான் அழணும், ஒரு மணி நேரம் நோண்டியிருக்கேன்.

— அஞ்சு நாளு ஜீனத்து. அஞ்சு நாளு அதை வரைஞ்சேன். நான் ஒரு தப்புப் பண்ணினேன், அதால ஒரு இஞ்சின் நின்னுடும், ஒரு பட்டறை பேரு கெட்டுடும்னு காலைல இருந்து ஓடிட்டு இருக்கேன். என்னா திமிரு பாரு எனக்கு. நான் அம்பத்தஞ்சு போட்டிருந்தாலும், ஐநூறு போட்டிருந்தாலும், கியருக்குப் பதிலா ஒரு வஞ்சிர மீனை வரைஞ்சு வச்சிருந்தாலும் அந்த வண்டி இன்னிக்கு ஓடியிருக்கும்.

— ஓடட்டுமே. உனுக்கு நாற்காலி தானே வேணும்.

— நாற்காலி தான் கேட்டேன்.

— அப்றம் இன்னா? வாய் தொறந்து தேங்க்ஸ் சொல்லு. அவுரு லைன்ல கீறாரு.

— ஏம்மா சகாயமேரி, இருக்கியா? இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு.

— இருக்கேன் அண்ணாச்சி, வச்சிடாதீங்க. பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையா பீரோ மேல இருந்து அந்தப் படத்தை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழட்டி, மேஜை மேல விரிச்சுப் பாருங்க. அதுல ஒரு பல்லு அதிகமா போட்டிருக்கேன். துரை அண்ணனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, படத்தை முழுசாப் படிச்சு, என்னை நல்லா வாய் நிறையத் திட்டுங்க. திட்டி முடிச்சப்புறம், அந்த நாற்காலில நான் உக்காரணுமா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்.